மலைப்பள்ளிக்கு எந்தப் போட்டி: லெகோவா, ஆர்டுயினோவா, மைக்ரோபிட்டா?

நீலகிரியில் பள்ளிகளுக்கிடையே ஒரு தொழில்நுட்பப் போட்டி வைக்கலாம் என்று பேச்செடுத்தாலே, "எந்தக் கிட் வாங்கலாம்?" என்பதில்தான் வந்து நிற்கும். பிள்ளைகள் ரோபோவும் சென்சார் கருவியும் செய்யப் பயன்படும் லெகோ கிட், ஆர்டுயினோ போர்டு, மைக்ரோபிட் அட்டை மூன்றையும் வைத்து நடத்திவிட்டு மைக்ரோபிட்டில் நின்றவர்கள் நாங்கள். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. லெகோ உச்சத்தில், ஆர்டுயினோ நகல் போர்டு அடியில், மைக்ரோபிட் நடுவில். மோட்டார், அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட், சக்கரம், பேட்டரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் பின்னிரண்டுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். மூன்றிலும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், அதிலும் சண்டையில்லை. முடிவு செய்ய வைத்தது வேறொன்று: முதல் வருஷம் வாங்கிய சாமானில் எவ்வளவு இரண்டாம் வருஷமும் வேலை செய்கிறது? சமவெளியில் இதற்கு ஒரு விடை. 2,240 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி நனைக்கிற உதகையில் வேறு விடை.

லெகோவின் பலத்தை மறைக்கக் கூடாது. லெகோ ரோபோக்களை வைத்துப் பல நாடுகளில் நடக்கும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியின் விதிமுறை அளவுக்கு யோசித்து எழுதிய பள்ளிப் போட்டி விதிகள் குறைவு. ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். ரோபோ ஆட்டம் ஒரு சுற்று இரண்டரை நிமிடம். அதோடு ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியாகப் பழகும் விதம் மூன்றையும் நடுவர்கள் தனித்தனியே மதிப்பிடுவார்கள். அன்றைக்கு ரோபோ மக்கர் செய்தாலும் அணி முழுதாகக் கவிழ்ந்துவிடாது. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்; கிட்டைத்தான் யோசித்து வாங்கச் சொல்கிறோம். 2013ல் வந்த லெகோ ரோபோ கிட்டான மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 2021ல் நிறுத்தப்பட்டது. அதற்கடுத்து 2020ல் வந்த ரோபோட் இன்வென்டர் கிட் 2022 முடிவோடு போய்விட்டது. இவி3 பெட்டியின் ரீசார்ஜ் பேட்டரி உப்பிவிட்டால் ஆறு ஏஏ செல் போட்டு ஒப்பேற்றலாம். ரோபோட் இன்வென்டரில் அந்த வழியும் கிடையாது. நன்கொடையாக வந்த கிட் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக் காசில், பெற்றோர் ஆசிரியர் கழகக் காசில் வாங்குவதென்றால், தயாரிப்பை நிறுத்திய பிறகு உதிரிக்கு எங்கே போவது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆர்டுயினோவுக்கு உதிரிக் கவலை இல்லை. கோயம்புத்தூருக்கு இறங்குகிற யாரிடமாவது சொல்லி அனுப்பினால் மாலைக்குள் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், சால்டரிங் பழகிய ஆசிரியர் ஒருவர் இருந்தால் கற்க இதைவிட நல்லது இல்லை. சிக்கல் எல்லாம் போட்டி நாளன்றுதான் வரும், அதுவும் மலைக்கே உரிய காரணங்களால்.

முதலில் மின்சாரம். சதுர 9 வோல்ட் பேட்டரியால் இரண்டு மோட்டாரை இழுக்க முடியாது; ஓடத் தொடங்கியதும் வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். அதற்காக இரண்டு 18650 லித்தியம் செல் போடுவார்கள்: 7.4 வோல்ட். எல்298என் டிரைவர் அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே தின்றுவிட்டு மீதியை மஞ்சள் பிஓ மோட்டாருக்குத் தரும், அது போதும். ஆனால் லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உறைபனி விழும் மார்கழி, தை விடியற்காலையில் கணப்பு இல்லாத லேபில் அது நடக்கக்கூடியதே. ஆளில்லாத அறையில் இரவு முழுக்க சார்ஜில் விடுவதோ தீ விபத்துக்கு வழி. அப்படியானால் காலை 9 மணிக்கு மேல், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து மரம் விழுந்து கரண்ட் போகும்.

அடுத்தது மிஸ்ட், அதாவது மூடுபனி. தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோவான லைன் ஃபாலோயரில் மாட்டும் டிசிஆர்டி5000 சென்சார் அகச்சிவப்பு ஒளியைப் பார்த்து வேலை செய்கிறது. வெயிலிலும் அந்த ஒளி உண்டு. மிஸ்ட் மூடியிருந்தபோது திருகி வைத்த அளவு, கால் மணி நேரத்தில் மேகம் விலகி ஜன்னல் வழியே வெயில் அடித்ததும் செல்லாமல் போகும். முதல் அணி ஒரு வெளிச்சத்திலும் ஏழாவது அணி வேறொரு வெளிச்சத்திலும் ஓட்டியிருக்கும். அப்பீல் வந்தால் நடுவரிடம் பதில் இருக்காது. ஜன்னலுக்குக் கம்பளி கட்டி எல்இடி டியூப் வெளிச்சத்தில் நடத்துவதே வழி. பழைய குண்டு பல்பு வேண்டாம், அதிலும் அகச்சிவப்பு தாராளம். சிமென்ட் தரையில் ஒட்டிய கருப்பு இன்சுலேஷன் டேப் ஈரத்தில் ஓரம் எழும்பி சக்கரத்தில் சுற்றும். வெள்ளையடித்த பிளைவுட் வளைந்துவிடும். மினுமினுப்பில்லாத துணியில் அச்சடித்த பாதையை, அச்சு வெளிப்பக்கம் தெரியும்படி சுருட்டி வைத்தால் விரிக்கும்போது ஓரம் தரையோடு படியும். இதற்கெல்லாம் மேலே, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வரும் ஜம்பர் ஒயர்கள். ஹாட் க்ளூ வைக்காத எந்த இணைப்பையும் நம்ப வேண்டாம்.

இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. எல்லா வைத்தியத்தையும் தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் போட்டியும் அவரோடு போய்விடும் என்பதுதான் சங்கடம்.

மைக்ரோபிட்டில் கெடுவதற்கு இருப்பதே கொஞ்சம். 25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவு, திசை, வெப்பம், ஒளி உணரும் வசதி, ரேடியோ எல்லாம் ஒரே அட்டையில். 2020ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் கூட. இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும். நிரலைக் காலையிலேயே ஏற்றிவிட்டால், கரண்ட் போனாலும் நடுவர் சுற்று நிற்காது. நிரல் எழுதும் மேக்கோட் இணையப் பக்கத்தை பிரவுசரில் ஒருமுறை திறந்துவிட்டால் பின்னர் இணையம் இல்லாமலும் பெரும்பாலும் வேலை செய்யும். அரசுப் பள்ளி ஹைடெக் லேபிலும் அதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கணினியில் மைக்ரோபிட் டிரைவ் தெரியவில்லையா, பத்தில் ஒன்பது முறை அது சார்ஜ் மட்டும் ஏற்றும் மொபைல் கேபிள். டேட்டா கேபிள்களை வாங்கியதும் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். டிரைவின் பெயர் மெயின்டனன்ஸ் என்று வந்தால், ரீசெட் பட்டனை அழுத்தியபடி செருகியிருக்கிறார்கள். பிடுங்கி மறுபடி செருகினால் சரி. முதலைக் கிளிப் 3 வோல்ட் வளையத்தையும் கிரவுண்ட் வளையத்தையும் சேர்த்துக் கடித்தால் ஷார்ட் ஆகும். போர்டு உண்மையில் சாவது பெரும்பாலும் இப்படித்தான். செர்வோ மோட்டாரை அட்டையிலிருந்து நேரடியாக ஓட்ட விடாதீர்கள். தனி பேட்டரி, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். ரேடியோ பயன்படுத்தும் அணிகளுக்கு ஆளுக்கொரு குரூப் எண் எழுதிக் கொடுங்கள். 0 முதல் 255 வரை இடம் இருக்கிறது. பாடத்தில் எல்லோருக்கும் 1 என்றே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், விட்டுவிட்டால் கோத்தகிரி அணியின் செய்தி குன்னூர் அணியின் அட்டையில் ஓடும்.

12 அணி, அணிக்கு 3 பேர் என்றால் 14 போர்டு, 14 பேட்டரிப் பெட்டி, 14 டேட்டா கேபிள், அணிக்கு 10 முதலைக் கிளிப் ஒயர், 36 ஏஏஏ செல் போதும். போட்டி முடிந்ததும் செல்லைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் கிடந்த செல் ஒழுகி ஸ்பிரிங்கை அரித்திருக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். சின்னத் தீயில் வாணலியில் வறட்டினால் நிறம் திரும்பும். துணி அலமாரிக்குள் பல்பு எரியவிட்டுப் பூசணத்தைத் தடுக்கும் பழக்கம் மலையில் பழசு. எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.

போட்டிக்குக் கொடுக்கும் தலைப்பிலும் மைக்ரோபிட் கைகொடுக்கிறது. உறைபனி எச்சரிக்கை, கேரட் பாத்திக்கு ஈரப்பத அளவி, பள்ளிக் குடிநீர்த் தொட்டி நிரம்பினால் மணி: இவை பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கிற பிரச்சினைகள். நடுவர்கள் எங்கே கிள்ள வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அட்டையின் வெப்ப அளவி சிப்புக்குள் இருப்பதால் சுற்றுக்காற்றைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுக் கழித்தார்களா என்று கேளுங்கள். தெளிந்த இரவில் தரையோரம்தான் அதிகம் குளிரும், குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். ஆளுயரத்தில் மாட்டிய கருவி பனி விழுந்த பிறகுதான் கூவும். ஈரப்பத அளவிக்கு இரண்டு ஆணி போதும். ஆனால் மின்சாரம் எந்நேரமும் ஓடினால் ஒரு வாரத்தில் ஓர் ஆணி அரித்துவிடும். அளவு படிக்கும் நொடியில் மட்டும் ஆணிக்கு மின்சாரம் தரும் பின்னை (அட்டையின் இணைப்பு முனையை) ஆன் செய்கிற அணி, விஷயம் புரிந்த அணி.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: கருவி வேலை செய்வதற்கு 30, அங்கேயே கொடுக்கும் மாற்றத்துக்கு 30, விளக்கத்துக்கு 20, குறிப்பேட்டுக்கு 20. இரண்டாவதுதான் உயிர். "2 டிகிரிக்குப் பதில் 4 டிகிரியில் எச்சரிக்கட்டும், மூன்று முறை ஒலித்து நிற்கட்டும்" என்று 20 நிமிடம் கொடுத்தால், அண்ணன் செய்து கொடுத்ததும் யூடியூபில் பார்த்து ஒட்டியதும் வெளியே வந்துவிடும். விளக்கத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். இரண்டு நடுவர் குழு, அணிக்கு 8 நிமிடம் என்றால் 12 அணியும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். குறிப்பேடு வீண்போகாது, பள்ளி மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு நடத்தும் இன்ஸ்பையர் மானக் திட்டத்துக்கு யோசனை அனுப்பும்போது பாதி வேலை அதிலேயே இருக்கும். அங்கே தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய்.

தேதிக்கு இடுக்கு சின்னது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பரில் அதே கதை குன்னூர், கோத்தகிரிக்கு. படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை, பிறகு பொங்கல், மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரி முதல் வாரமும்தான் மிஞ்சும். காலை 10க்குத் தொடங்கி 3 மணிக்குப் பரிசு கொடுத்துவிடுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து எஸ்டேட் லைனுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) நடக்கிற பிள்ளைகள் காட்டுமாடும் யானையும் இறங்கும் நேரத்துக்கு முன்னால் வீடு சேர வேண்டும்.

தலைமைப் பண்பு விருதை இதோடு சேர்ப்பதா, ஆண்டு விழாவுக்கு விடுவதா? ஆண்டு விழாக் கேடயம் மேடைக்கு அழகு. ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடத்தில் முடிவாகும், பெரும்பாலும் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கே போகும். மாணவர் ஓட்டு வைத்தால் பிரபலமானவர் ஜெயிப்பார். நாங்கள் சாய்வது பராமரிப்புப் பொறுப்போடு கட்டிய விருதின் பக்கம். பொருள் பதிவேடு, பேட்டரியும் சிலிக்கா ஜெல்லும், ஜூனியர் வகுப்பு என மூன்று பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஒப்படைக்கும் நாளில் போர்டு, கேபிள், கிளிப் எண்ணிக்கை பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா? உடைந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறாரா? இரண்டு ஜூனியர்களுக்காவது தனியாக நிரல் ஏற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் விருது, எத்தனை பேராக இருந்தாலும். சான்றிதழில் "சிறந்த தலைவர்" என்று போடாமல் "14 போர்டையும் இரண்டு மாதம் பராமரித்து முழுமையாக ஒப்படைத்தார்" என்று போடுங்கள்.

கண்வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விட்டால் பெண் பிள்ளைகளிடம் பதிவேடும் பையன்களிடம் போர்டும் போய்ச் சேரும். சுழற்சிப் பட்டியலை ஆசிரியரே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

20 அணிக்கு மேல் போனால் இந்த ஏற்பாடு எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லும் அனுபவம் எங்களுக்கு இல்லை. கொடைக்கானல் பக்கம் நடத்துபவர்கள் மழைக் கணக்கை அவர்கள் ஊருக்கு மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆர்டுயினோ வாங்கி வைத்திருக்கும் பள்ளிகள் அதைத் தூக்கிப்போட வேண்டாம்: மோட்டாரையும் லித்தியம் செல்லையும் ஒதுக்கிவிட்டு, பவர் பேங்க்கில் ஓடும் சென்சார் கருவியாக அதே போட்டியில் இறக்கலாம். இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் சில பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும். போட்டிக்கு முந்தின நாள் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணையாததாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.