250 வாட் எஃப்.எம்.: ஏ.எம். நிலையத்துக்கா, எச்.டி. துணைச் சேனலுக்கா?

டிரான்ஸ்லேட்டர் என்றால் நமக்கு மொழிபெயர்ப்புதான் நினைவுக்கு வரும். அமெரிக்க வானொலியில் அது ஒரு சின்ன எஃப்.எம். ஒலிபரப்பி. இன்னொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வேறு அலைவரிசையில் மறு ஒலிபரப்பு செய்யும். அதிகபட்சம் 250 வாட். பெரிய நிலையங்களுக்கு இடைஞ்சல் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதும் இதுதான். மலை மறைக்கும் ஊர்களுக்கும் எஃப்.எம். எட்டட்டும் என்று 1970-ல் வந்த ஏற்பாடு. இன்று அதற்காக ஒரு பக்கம் ஏ.எம். நிலையங்களும் மறு பக்கம் எஃப்.எம். நிலையங்களின் எச்.டி. துணைச் சேனல்களும் நிற்கின்றன.

முதலில் ஏ.எம். பகலில் வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு, ஏ.எம். ஓடும் மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் மேலே போய்த் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி விழும். ராத்திரியில் குமிழைத் திருகித் திருகி தூரத்து நிலையங்களைப் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கு அது விருந்து. அதே அலைவரிசையில் இருக்கும் சின்ன ஊர் நிலையத்துக்கு அதுவே வினை. அதனால் பல நிலையங்கள் இருட்டியதும் சக்தியைக் குறைக்க வேண்டும், சில அடியோடு நிறுத்த வேண்டும். டிசம்பரில் வட மாநிலங்கள் பலவற்றில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலை முடிந்து ஆட்கள் காரில் ஏறும்போது உள்ளூர்க் குரல் ஓய்ந்திருக்கும். அன்றிரவு பள்ளிக்கூடத்தில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தை யார் சொல்வது?

2009-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இதற்கு வழி திறந்தது: ஏ.எம். நிலையங்களும் டிரான்ஸ்லேட்டர் வைத்துக்கொள்ளலாம். ஏ.எம். மூடியிருக்கும் இரவிலும் டிரான்ஸ்லேட்டர் பேசலாம். ஸ்டுடியோவிலிருந்து நேராக ஒலியை அனுப்பலாம் என்பதால் கரகரப்பும் இல்லை. 2016-ல், 250 மைல் தள்ளியிருக்கும் டிரான்ஸ்லேட்டரைக்கூட வாங்கித் தங்கள் பக்கம் கொண்டுவர விட்டார்கள்.

எச்.டி. கதை வேறு. 2002-ல் அனுமதி பெற்ற இந்த டிஜிட்டல் முறையில், ஒரே எஃப்.எம். அலைவரிசைக்குள் எச்.டி.-2, எச்.டி.-3 என்று கூடுதல் சேனல்கள் ஓட்டலாம். ஆனால் எச்.டி. ரேடியோ இருந்தால்தான் கேட்கும். அதனால் எச்.டி.-2 நிகழ்ச்சியை டிரான்ஸ்லேட்டருக்குக் கொடுக்கிறார்கள். சாதாரண ரேடியோவில் அது புது எஃப்.எம். நிலையமாகவே ஒலிக்கும். பெரிய நகரங்களில் புது உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இது சட்டப்படி சரிதான், ஆனாலும் கொல்லைப்புற வழி என்றே எனக்குப் படுகிறது. வேறெங்கும் இடம் கிடைக்காத இசைக்கும் சிறு மொழிகளுக்கும் இதில் இடம் கிடைப்பதை மட்டும் மனதார வரவேற்கிறேன்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஏ.எம்.முக்கு. எஃப்.எம். நிலையத்துக்கு ஏற்கெனவே இருபத்துநாலு மணி நேரமும் குரல் இருக்கிறது.

ஏ.எம்.மும் டிஜிட்டலும் சேர்ந்த ஒரு நல்ல உதாரணம், மேரிலாந்தின் ஃபிரெடெரிக் நகரில் 820 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.டி. என்ற ஏ.எம். நிலையம். 2018-ல் சோதனையாக ஏ.எம்.மை முழு டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். பழைய ஏ.எம். ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் வரும். அந்தக் கேட்பவர்களைக் கைவிடாமல் தாங்கியது 94.3-ல் இருந்த டிரான்ஸ்லேட்டர். 2020-ல் எல்லா ஏ.எம். நிலையங்களுக்கும் முழு டிஜிட்டலுக்கு மாறும் அனுமதி கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்லேட்டர் வந்த தெம்பில் ஏ.எம். கோபுரம் நிற்கும் நிலத்தை விற்றுவிடத் தோன்றும். ஏ.எம். நிலையங்களுக்கென்றே பின்னர் தனியாகக் கொடுத்த டிரான்ஸ்லேட்டர்கள் தாய் நிலையத்தோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டவை, ஏ.எம். உரிமம் போனால் அதுவும் போகும். 250 வாட் எட்டாத பண்ணை வீடுகளுக்குப் பகலில் இன்றும் அந்தக் கோபுரம்தான் கதி.