மான்டிகிறிஸ்டோ நம்பர் 4: டெல்டா வெக்கையில் இந்த விலை தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்று 2,000 ரூபாய்க்குள் கிடைத்து, ஈரப்பதம் கெடாமல் வைத்திருந்த சரக்காகவும் இருந்தால் மான்டிகிறிஸ்டோ நம்பர் 4 என்ற கியூபா சிகார் கொடுத்த காசுக்குத் தகும். காய்ந்ததையோ நமுத்ததையோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இந்தச் சிகாரில் நாம் காசு கொடுப்பது இலைக்கு மட்டுமல்ல, அந்த இலையில் நிற்கும் ஈரத்துக்கும் சேர்த்துத்தான்.

நீளம் 129 மி.மீ., தடிமன் 42 ரிங். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ரிங். ஆக, குறுக்களவு 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நிதானமாக இழுத்தால் 40 நிமிடம் வரும், அதாவது நிமிடத்துக்கு 50 ரூபாய். உள்ளே இருப்பது தூள் இல்லை, முழுநீள இலை. செடியின் அடியில் பறிக்கும் வொலாடோ நன்றாக எரிவதற்கு, நடுவில் பறிக்கும் செக்கோ மணத்துக்கு, உச்சியில் பறிக்கும் லிகெரோ காரத்துக்கு. லிகெரோ தடித்த இலை, மெதுவாக எரியும். அதனால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். அது ஓரத்துக்கு விலகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் எரிந்துகொண்டே போகும்.

பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்த்தால் காய்ந்த வைக்கோலும் தேவதாரு மரப்பெட்டியும் கலந்த வாசனை வர வேண்டும். வாசனையே இல்லையென்றால் சரக்கு காய்ந்துவிட்டது. முதல் மூன்றில் ஒரு பங்கு மென்மை: மரம், லேசான இனிப்பு, பாலில்லாத காபி. இரண்டாம் பங்கில்தான் இது விலைக்குப் பதில் சொல்கிறது. கோகோவின் கசப்பும் மிளகின் உறைப்பும் ஏறி, நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு நிற்கும். கடைசிப் பங்கில் காரம் கூடும். வெறும் வயிற்றில் பிடித்தவருக்குத் தலை சுற்றுவது இங்கேதான். சாப்பிட்ட பிறகு பிடியுங்கள். சுற்றினால் சிகாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொள்ளுங்கள். விரலுக்குச் சூடு தட்டும்போது நிறுத்திவிடலாம், அதற்கு மேல் ருசி இல்லை.

கெடுப்பது பெரும்பாலும் கைப்பழக்கம். மூடிய முனையில் 2 மி.மீ.க்கு மேல் வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் வாடையை ஏற்றும், கேஸ் நிரப்பிய சிகரெட் லைட்டர் போதும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து தீர்ந்த பிறகு காட்டுங்கள். நெருப்பு நுனியில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கருக்கி, பிறகு இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அவ்வளவுதான். சிகரெட் போல அடுத்தடுத்து இழுத்தால் உள்ளே சூடேறிக் கசப்பு மட்டுமே மிஞ்சும். புகையை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. இறக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே புகையிலை மெல்லுகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கூடவே என்ன குடிப்பது? நம் பக்கத்து டிகிரி காபி இதற்குச் சேராது. பாலின் கொழுப்பு நாக்கில் படிந்து முதல் பங்கின் மென்மையை மூடிவிடும். சிக்கரி கலக்காத பொடியில் இறக்கிய டிகாக்‌ஷனை வெந்நீர் விட்டுக் குடியுங்கள். வெற்றிலை சீவல் போட்ட வாயோடும் உட்கார வேண்டாம். துவர்ப்பும் சுண்ணாம்பும் அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

இனி ஈரம். சிகாருக்கு 65 முதல் 69 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 20 டிகிரி வெப்பமும் வேண்டும். நம் ஊரிலோ கத்திரி வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தொடும். கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் சுவரே வியர்க்கும். வேலைப்பாடான மரப்பெட்டி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் 65 சதவீத போவெடா பாக்கெட்டும் போதும். அந்தப் பாக்கெட் ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். மழைக்காலத்துக்கு அதுதான் முக்கியம். உள்ளே வைக்கும் ஈரமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, இரண்டையும் ஜிப் கவரில் மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், பிறகு எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

வெப்பம் 25 டிகிரி தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். மேலிலையில் குண்டூசி ஓட்டை, டப்பா அடியில் மெல்லிய தூள் இருந்தால் அதுதான். இதைத் தடுக்க, சிகார் கைக்கு வந்தவுடன் இரட்டை ஜிப் கவரில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜிலும் மூன்று நாள் ஃப்ரீசரிலும் மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜிலும் வைத்து வெளியே எடுங்கள். நேராக ஃப்ரீசரிலிருந்து வெக்கைக்குக் கொண்டுவந்தால் மேலிலை வெடித்துவிடும். ஃபிரிட்ஜையே நிரந்தர இருப்பிடமாக்க வேண்டாம். அதன் காற்று வறண்டது, சாம்பார் வாசனையும் ஏறிவிடும்.

உறையூர்ச் சுருட்டோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. சர்ச்சிலுக்கு இங்கிருந்து சுருட்டு போனதாக இன்றும் சொல்வார்கள். முனீஸ்வரன் படையலுக்கு இன்றும் அதுதான். திண்டுக்கல் பக்கத்து இலை, கையால் சுருட்டியது, இரண்டு முனையும் திறந்தது. முதல் இழுப்பிலிருந்தே காரம், கடைசிவரை ஒரே குரல். மான்டிகிறிஸ்டோ ஒன்றின் விலைக்குக் கட்டுக் கட்டாக வாங்கலாம். காரம் மட்டும் போதுமென்றால் உறையூரே நியாயமான விலை. பங்குக்குப் பங்கு ருசி மாறுவதைப் பொறுமையாகப் பார்க்க விரும்புகிறவர்தான் 2,000 ரூபாயை எடுக்க வேண்டும்.

அந்த விலை தாண்டினால் விட்டுவிடுங்கள். 50 ரிங் தடிமனுக்கும் போக வேண்டாம். நம் வெக்கையில் அதன் கடைசிப் பங்கைப் பெரும்பாலோர் முடிப்பதில்லை. திருச்சி விமான நிலையம் வழியாக வரும் சொந்தபந்தம் இருந்தால், பயணி ஒருவர் 25 சிகார் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். அது ஒரு முழுப் பெட்டி. ஆனால் அந்த 25-ஐ எடுத்தால் 100 சிகரெட் சலுகை கிடையாது.

இங்கே வாங்கினால் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். முறையாக வரி கட்டி வந்ததில் பெட்டி முகப்பின் 85 சதவீத அளவுக்குப் படத்துடன் எச்சரிக்கை இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்றால் கியூபா சரக்கே இல்லை. பெட்டியைத் திருப்பினால் அடியில் சூடுபோட்ட, கியூபா சிகார் நிறுவனமான ஹபானோஸின் முத்திரையும், பக்கத்தில் மாதம், ஆண்டு அச்சும் தெரியும். இரண்டு மூன்று ஆண்டு பழசாக இருந்தால் அம்மோனியா நெடி தணிந்திருக்கும், அதையே எடுங்கள். விரலால் மெல்ல அழுத்துங்கள். சருகுச் சத்தம் கேட்டாலோ, அழுத்திய பள்ளம் எழும்பாமல் நின்றாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.