மதுரைல முடக்குவாதத்துக்கு நான் காட்டுற ருமட்டாலஜி டாக்டர் பத்தி

மதுரை அண்ணாநகர் பக்கம் சாயங்காலம் மட்டும் கிளினிக் வச்சிருக்குற ஒரு லேடி ருமட்டாலஜிஸ்ட்கிட்ட, அதாவது மூட்டு வாத நோய் டாக்டர்கிட்ட, முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கொஞ்ச வருஷமா காட்டிட்டு இருக்கேன். பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு அவங்க கேட்டுக்கிட்டதால பேர் இல்லாமத்தான் எழுதுறேன். ஆனாலும் இந்த நோய்க்கு எப்படிப்பட்ட டாக்டரைத் தேடணும்னு தெரியாம அலையுறவங்க நிறைய பேர், அவங்களுக்கு இது உபயோகப்படும்.

எனக்கு ஊர் திண்டுக்கல், ஸ்கூல்ல டீச்சர். காலைல எந்திரிச்சா ரெண்டு கை விரலும் மடங்காது, பையனோட டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க வராது, விரல் இளகுறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், மத்தியானம் ஆயிட்டா ஓரளவு நல்லா இருப்பேன், அதனாலயே வீட்டுல யாரும் நம்பல. முதல்ல காட்டின எடத்துல சிக்கன்குனியா வந்துட்டுப் போன வலின்னு சொன்னாங்க. 2006ல வந்து நம்ம ஊரையே படுத்தி எடுத்ததுல இருந்து மூட்டு வலின்னா எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வருது, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் மாசக்கணக்குல வலி நிக்கிறதும் உண்மைதான், ஆனா எனக்குக் காய்ச்சலே வரலயேன்னு கேட்டா பதில் இல்ல. இன்னொரு எடத்துல யூரிக் ஆசிட்னு சொல்லி பருப்பு, கறி எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. வேற ஒருத்தர் ஒரு ஊசி போட்டார், கொஞ்ச நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு, அப்புறம் டபுளா திரும்ப வந்துச்சு, அது ஸ்டீராய்டுன்னு சீட்டைப் பாத்து எங்க அக்கா பொண்ணு தான் சொன்னா. அவ நர்சிங் படிக்கிறா. எலும்பு டாக்டர்கிட்ட போறதை விட்டுட்டு ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போங்க சித்தின்னு சொன்னதும் அவதான். அப்படி ஒரு பிரிவு இருக்குன்னே எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆர்த்தோங்கறது ஆபரேஷன் பண்றவங்க, எலும்பு முறிவு, தேய்மானம் பாக்குறவங்க. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டைத் தாக்குற நோய்க்கு எம்.டி. முடிச்சு அதுக்கு மேல மூணு வருஷம் டி.எம். ருமட்டாலஜி படிச்சவங்க இருக்காங்க. போர்டுல அதைப் பாத்துட்டுப் போங்க.

முதல் விசிட்ல நான் கட்டுக்கட்டா ரிப்போர்ட்டை நீட்டினேன், அவங்க அதை ஓரமா வச்சுட்டு முதல்ல கையைக் குடுங்கம்மான்னு சொன்னாங்க. ஒவ்வொரு விரலோட கணுவையும் ரெண்டு விரலால மெதுவா அமுக்கி வலிக்குதா, வீங்கியிருக்கான்னு பாத்தாங்க, அப்புறம் மணிக்கட்டு, முழங்கை, தோள், முட்டி. மொத்தம் 28 மூட்டு. வலிக்கிறது எத்தனை, வீங்கினது எத்தனைன்னு எழுதி, அதோட உடம்புக்குள்ள அழற்சி எவ்வளவுன்னு காட்டுற ஈ.எஸ்.ஆர். ரத்த டெஸ்ட் ரிசல்ட்டையும், இன்னைக்கு எப்படி இருக்கீங்கன்னு நாமளே போடுற மார்க்கையும் சேர்த்து நோய் எவ்வளவு தீவிரம்னு ஒரு ஸ்கோர் போடுறாங்க. ஒவ்வொரு தடவையும் இதேதான், அவசரமா இருந்தாலும் விடுறதில்ல, கணக்குல வராத கால் விரலையும் செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாப்பாங்க. அது வரைக்கும் நான் பாத்த யாரும் என் கையைத் தொட்டுக்கூடப் பாக்கல, அத்தனை பேரும் பேப்பரைத்தான் பாத்தாங்க. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

முடக்குவாதத்துக்குன்னு பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர்ங்கற ரத்த டெஸ்ட் எனக்கு நெகட்டிவ். அதை வச்சுத்தான் முன்னாடி ரெண்டு எடத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அனுப்பினாங்க. இவங்க சொன்னது, அது நெகட்டிவா இருந்தும் முடக்குவாதம் வரும், பாசிட்டிவா இருந்தும் நோயே இல்லாம இருக்கலாம், இன்னொரு டெஸ்ட் இருக்கு, ஆன்ட்டி சி.சி.பி., அதையும் பாத்துடலாம்னு. எனக்கு அது பாசிட்டிவா வந்துச்சு. எதுக்கு இந்த டெஸ்ட், இது தேவை, இது தேவையில்லன்னு ஒவ்வொண்ணா சொல்லித்தான் எழுதுவாங்க, எங்க லேப்லதான் எடுக்கணும்னு ஒரு நாளும் சொன்னதில்ல, நான் திண்டுக்கல்லயே எடுத்துட்டுப் போறேன்.

மருந்து விஷயத்துலதான் இவங்க மேல எனக்கு மரியாதையே கூடிப்போச்சு. மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை, இந்த நோய்க்கு உலகம் பூராவும் அதைத்தான் முதல்ல குடுப்பாங்க, விலையும் கம்மி. ஆனா அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போடுறது, தினமும் போட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்து. எங்க ஊர்ல நிறைய பேருக்கு மருந்து சீட்டு படிக்கத் தெரியாதுல்ல, அதனால இவங்க சீட்டுல பெருசா தமிழ்ல 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்'னு எழுதி வட்டம் போடுறாங்க, கூடவே குடுக்குற ஃபோலிக் ஆசிட்ங்கற வைட்டமின் மாத்திரைக்கு வேற கிழமை எழுதுறாங்க, நர்ஸ் அக்கா வெளிய கூட்டிட்டுப் போய் நம்ம வாயால ஒரு தடவை சொல்ல வச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. மருந்துக்கடைல இது கேன்சர் மாத்திரை ஆச்சேன்னு ஒருத்தர் சொல்லி எங்க வீட்டுக்காரர் பயந்துட்டார். அடுத்த விசிட்ல கேட்டதுக்கு டாக்டர் கொஞ்சம் கூட சலிச்சுக்கல. ஆமா, கேன்சருக்கும் குடுக்குறதுதான், ஆனா அங்க குடுக்குற அளவே வேற, நாம ரொம்பக் கம்மியாக் குடுக்குறோம், அதுக்கும் ஈரலையும் ரத்தத்தையும் விடாம செக் பண்ணிக்கிட்டே இருப்போம் சார்னு அவரைப் பாத்தே சொன்னாங்க. வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், உள்ள மூட்டு அரிக்கிறதை நிறுத்தாது, ஆரம்பத்துலயே அரிப்பை நிறுத்தினாதான் விரல் கோணாம இருக்கும்னு அவங்க சொன்ன அப்புறம் எங்க வீட்டுக்காரர் மாத்திரையை மறக்க விடுறதே இல்ல. ஸ்டீராய்டும் எழுதினாங்க, ஒளிக்கல, கம்மி டோஸ், மத்த மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு பாலம் மாதிரின்னு சொல்லி, எந்த வாரம் எவ்வளவு குறைக்கணும்னும் எழுதி, திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்கன்னாங்க.

பொண்ணுங்க கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. முதல் நாளே இவங்க கேட்டது, அடுத்த குழந்தை பத்தி யோசிக்கிறீங்களா. இதை யாருமே கேட்டதில்ல எங்கிட்ட. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கர்ப்பமாகவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும், வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, மூணு மாசம் முன்ன நிறுத்திட்டு கர்ப்பத்துலயும் போடக்கூடிய மருந்துக்கு மாத்திடலாம், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்லாம் இருக்குன்னு நிதானமா சொன்னாங்க. இந்த நோய் வந்துட்டா இன்னொரு குழந்தையே கிடையாதுன்னு நான் மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல அதை.

எங்க அத்தையை ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன். அவங்க நல்லவங்கதான், ஆனா சின்ன வயசுல என்ன மூட்டு வலின்னு, வாயு, சூடுன்னு சொல்லிட்டே இருப்பாங்க, கத்திரிக்காய் உருளைக்கிழங்கு எல்லாம் வீட்டுல நின்னுடுச்சு. டாக்டர் அவங்களை உக்கார வச்சு என் வீங்கின கணுவை அவங்க விரலாலயே தொட வச்சாங்க. அம்மா, இது சோம்பேறித்தனமும் இல்ல, வாயுவும் இல்ல, உங்க மருமக சாப்பாடு எல்லாம் சாப்பிடட்டும், காலைல துணி பிழியுறதை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற யாராச்சும் பண்ணுங்கன்னு சொன்னாங்க. அன்னைல இருந்து காலைல சுடுதண்ணி வச்சு கையை முக்கி வைம்மான்னு அத்தைதான் முதல்ல எந்திரிக்கிறாங்க. எந்த மருந்துக்கும் இவ்ளோ பலன் கிடையாதுன்னு எனக்குத் தோணும். வாழ்நாள் பூராவும் கூட இருக்கப் போற நோய்க்கு டாக்டர் நம்ம வீட்டு ஆளுங்ககிட்டயும் பேசுறவங்களா இருக்கணும், இது நான் அடிச்சு சொல்லுவேன்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். கிளினிக் மாடில இருக்கு, லிஃப்ட் கிடையாது. முட்டி மடங்காதவங்க வர்ற எடம் இது, கண்டிப்பா மாத்தணும். ஏற முடியாதவங்க கீழ மருந்துக்கடைல சொன்னா டாக்டரே இறங்கி வந்து பக்கத்து ரூம்ல பாக்குறாங்க, ஆனா அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு போர்டாவது வைக்கலாம். அப்பாயின்ட்மென்ட் ஆறு மணின்னா உள்ள போக எட்டு ஆகும், ஒவ்வொருத்தருக்கும் நேரம் எடுத்துப் பாக்குறதால அது, எனக்குப் புரியுது, ஆனா கடைசி பஸ் பிடிக்கணும்னு வெளியூர்க்காரங்க தவிச்சுப் போயிடுறாங்க. நாற்காலியும் ரொம்பத் தாழ்வு, உக்காந்தா எந்திரிக்கிறது பெரும்பாடு.

ஃபீஸ் முதல் தடவை 700, அப்புறம் 500. திடீர்னு வலி கூடினா நர்ஸ் அக்கா நம்பருக்கு வாட்ஸ்அப்ல போடலாம், அன்னைக்கு ராத்திரிக்குள்ள டாக்டர்கிட்ட கேட்டு பதில் வந்துடும். காய்ச்சல் வந்தா மெத்தோட்ரெக்சேட்டை அந்த வாரம் போடாம முதல்ல கூப்பிடுங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க. மாத்திரை போதாம ஊசி மருந்துக்கு, அதான் பயாலஜிக்ஸ், போக வேண்டி வந்தா முதல்ல டிபி இருக்கான்னு பாத்துட்டுத்தான் குடுப்பேன், உள்ள தூங்கிட்டு இருக்குற டிபியை அது எழுப்பி விட்டுடும்னு சொன்னாங்க. நல்லவேளை எனக்கு அது வரைக்கும் போகல, ஸ்கோர் ரொம்ப இறங்கிடுச்சு, இப்போ போர்டுல சாக்பீஸ் பிடிச்சு முழு பீரியடும் எழுதுறேன்.

பிரைவேட்ல செலவு பண்ண முடியாதவங்க சென்னை ராஜீவ் காந்தி ஜி.எச்.ல ருமட்டாலஜிக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, பாண்டிச்சேரி ஜிப்மர்லயும், டிரஸ்ட் ஆஸ்பத்திரியான வேலூர் சி.எம்.சி.லயும் இருக்கு, அங்கயும் விசாரிங்க. எங்க போனாலும் பழைய சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க, வீங்கியிருக்கும்போது காலைல கையை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா சாயங்காலம் டாக்டர் பாக்குறப்போ வீக்கம் வத்திப் போயிருக்கும்.