நாலு மாதம் பவுடர், பதினாறு மாதம் பொட்டுக்கடலை

2024 ஜனவரியில் என் எடை 78.4 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். வயது 43. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். மதுரையில் நாங்கள் இருக்கும் தெருவில், ஒரு வீட்டு மாடியில் ஊட்டச்சத்து கிளப் நடத்திக்கொண்டிருந்தார்கள். காலை ஆறரைக்குப் போனால் எடை பார்த்து, இடுப்பளவு எடுத்து, எடை குறைக்கும் பவுடரில் ஒரு கிளாஸ் ஷேக் கலக்கித் தருவார்கள். அதை நடத்திய அம்மாவை எல்லோரும் 'கோச்' என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமோ ஊட்டச்சத்தோ படித்தவர் இல்லை. அதே பவுடரைக் குடித்து மெலிந்து, பிறகு விற்பனைக்கு வந்தவர்.

காலையும் இரவும் ஷேக், மதியம் ஒரு வேளை சாப்பாடு. 500 கிராம் டப்பா எனக்கு 2,300 ரூபாய்க்கு வந்தது. ஒரு வேளைக்கு 25 கிராம் என்றால் பத்து நாளில் காலி. மாதம் மூன்று டப்பா, 6,900 ரூபாய். பால் செலவு தனி. நாலு மாதம் அப்படி ஓட்டினேன்.

எடை குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். முதல் வாரமே 2.1 கிலோ இறங்கியது. கோச் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் படித்தேன். உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் வெளியேறும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு வாரத்தில் என்னால் அது ஆகியிருக்காது. ஏப்ரல் கடைசியில் 71.2 கிலோ.

மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மலச்சிக்கல். எழுந்து நின்றால் கண் இருட்டியது. கேட்டதற்கு, "கழிவு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்றார் கோச். அந்தப் பதிலின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது தெரிந்த விஷயம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். தண்ணீரும் உப்பும் குறைந்தால் தலை சுற்றும். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றே மோரில் உப்புப் போட்டுக் குடித்திருப்பேன்.

நான் குறைந்ததைப் பார்த்து என் தம்பியும் மார்ச்சில் சேர்ந்தான். ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறவன். காலையில் கிளிமிபிரைட், கூடவே மெட்ஃபார்மின். இட்லிக்குப் பதில் ஷேக் குடித்தான், மாத்திரையை வழக்கம்போலப் போட்டான். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவன் கடைப் பையன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. "அக்கா, ஒண்ணும் புரியலக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பக்கத்து மெடிக்கலில் குளுக்கோமீட்டர் வாங்கிக் குத்தினால் 54. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 88. அதற்கப்புறம்தான் அவனுக்கு முகம் தெளிந்தது.

கிளிமிபிரைட் வகை மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை முழுசாகப் போட்டால் சர்க்கரை தரைக்குப் போய்விடும். இன்சுலின் ஊசிக்கும் இதேதான். பிபி மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, எடை குறையக் குறைய ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மாடியில் ஷேக் கலக்குகிறவர் யாரிடமும் 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 306 சர்க்கரை நோயாளிகளை வைத்து டைரக்ட் என்றொரு ஆய்வு நடத்தினார்கள். 2017-ல் முடிவு வெளியானது. அதில் ஒரு பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி வரை வெறும் ஷேக்கும் சூப்பும் மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருடம் கழித்து அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கிளப்பில் இந்த மாதிரி வெற்றிக் கதைகளை நிறையச் சொல்வார்கள். அந்த ஆய்வில் முதல் நாளே சர்க்கரை, பிபி மாத்திரைகளை நிறுத்தி, மருத்துவக் குழு தொடர்ந்து கண்காணித்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைக்கப் போய், சுமார் 60 பேர் இறந்தார்கள். பலருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறானதுதான் காரணம். ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகிற எந்த டயட்டையும் யாரும் வீட்டில் தானாகச் செய்யக் கூடாது.

ஏப்ரலோடு டப்பாவை நிறுத்தினேன். முழுக் காரணமும் பணம்தான். பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மே மாதம் பழையபடி சாப்பிட்டேன், 73 கிலோ ஆனது. நாலு மாதம் குடித்தும் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

காலி டப்பாவின் பின்பக்கத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 25 கிராம் பவுடரில் 9 கிராம் புரதம், 90 கலோரி. அதை நான் கலக்கியது 300 மில்லி ஆவின் நீல பாக்கெட் பாலில். அந்தப் பாலில் மட்டும் 9 கிராம் புரதமும் சுமார் 175 கலோரியும் இருக்கிறது. அதாவது ஷேக்கின் பாதிப் புரதம் பால்காரர் கொடுத்தது. மீதிப் பாதிக்கு நான் வேளைக்கு 115 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பவுடரில் சேர்த்திருக்கும் வைட்டமின்களும் தாதுக்களும் உண்மை. அவற்றைக் கீரை, முட்டை, நெல்லிக்காய், கொய்யாவில் தேடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

350 ரூபாய்க்கு ஒரு சமையல் தராசு வாங்கினேன். இந்த முயற்சியில் நான் செய்த நல்ல செலவு அதுதான். நான் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை நிறுத்துப் பார்த்தேன், 420 கிராம். குழம்பு, பொரியல் இல்லாமலே 550 கலோரி. தட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வருடமாக 'நான் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன்' என்று நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

2024 ஜூனிலிருந்து என் சாப்பாடு இதுதான். பொட்டுக்கடலை 800 கிராம், வறுத்த எள் 50 கிராம், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்வேன். காலையில் 30 கிராம் மாவை முதலில் ஆறின பாலில் கொஞ்சமாகக் குழைத்து, பிறகு மீதிப் பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். சர்க்கரை கிடையாது. கூட ஒரு அவித்த முட்டை. மதியம் 150 கிராம் சோறு, தட்டில் பாதி காய், சாம்பார் அல்லது கூட்டு, முட்டை அல்லது மீன். நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். இரவு திரும்பவும் மாவும் பாலும். எல்லாம் சேர்த்து 1,300 கலோரி பக்கம் வரும், புரதம் 60 கிராமை ஒட்டி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கில் உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம், எனக்கு அது போதும். மாவு கிலோ 140 ரூபாய்க்குள் அடங்கியது. வேளைக்கு நாலு ரூபாய்.

குறைகளும் உண்டு. முதல் பத்து நாள் வயிறு உப்புசம், மாவை 20 கிராமாகக் குறைத்துப் பிறகு ஏற்றினேன். ருசி சலிக்கும், வாரம் இரண்டு இரவு ராகி தோசைக்கு மாறிக்கொள்வேன். வேகம் ரொம்பக் குறைவு. டிசம்பரில் 68.5, 2025 செப்டம்பரில் 66.3. பவுடரில் மாதம் ஒன்றே முக்கால் கிலோ இறங்கியது, இதில் மாதம் அரை கிலோகூட இல்லை. வேகமாக இறங்குவதிலும் சிக்கல் உண்டு. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். கல்யாண சீசனில் மூன்று வாரம் எடை அப்படியே நின்றது. பண்டிகை நாளில் நான் அளப்பதில்லை, மறுநாள் காலை பழைய முறைக்குத் திரும்பிவிடுவேன்.

டாக்டருக்கு என்ன செலவு என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபியும் சர்க்கரையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். எங்கள் பகுதிக்கு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வரும் அக்கா, எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவார். தொடங்குவதற்கு முன் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனேன். தம்பிக்கு அங்கே டாக்டர் கிளிமிபிரைட்டைப் பாதியாக்கி, இரண்டு வாரம் தினமும் இரு வேளை சர்க்கரை பார்த்து எழுதி வரச் சொன்னார், பிறகு முழுதாக நிறுத்தினார். அவனாக நிறுத்தவில்லை. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த மாவு வழிக்கே வர வேண்டாம், அவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு.

போன மாதம் தம்பி மனைவி டப்பாவோடு வந்து நின்றாள். "மதினி, எனக்கும் ஒரு கிலோ அரைச்சுத் தாங்க."

"அரைச்சுத் தாரேன். தினம் என்ன மாத்திரை போடுற?"

"தைராய்டுக்கு மட்டும்தான், வெறும் வயித்துல."

"அதப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பால் குடிக்கணும், இல்லைனா மாத்திரை உடம்புல சரியா சேராது. நாளைக்கு என்கூட வா, சர்க்கரையும் பிபியும் பாத்துட்டு வந்துரலாம். அதுக்குள்ள பொட்டுக்கடலைய வெயில்ல காய வச்சிடுறேன்."