நாலு ஷாட்டா, ஆறு ஷாட்டா: ஏற்காட்டுப் பனோரமாவுக்கு எந்த ஃபிஷ்ஐ?

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 360 டிகிரி பனோரமா (சுற்றிலும் எடுத்த படங்களை ஒட்டி ஒரே படமாக்குவது) எடுக்க, 180 டிகிரி வரை ஒரே ஷாட்டில் அடக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எது சார் ஷார்ப்?" என்றுதான். லென்ஸின் துவாரத்தை (அபர்ச்சர்) எஃப்/8 வரை மூடிவிட்டால் அநேகமாக எல்லா ஃபிஷ்ஐயும் நடுவில் ஷார்ப்தான். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு சுற்று முடிக்க எத்தனை ஷாட் என்பது. சேலத்தில் மண்டபம், ஷோரூம், ஏற்காட்டில் ரிசார்ட், எஸ்டேட் பங்களா என்று வேலை எடுப்பவருக்கு அந்த எண்ணிக்கைதான் எல்லாமே.

கையில் கிடைப்பவை இவை. கேனன் இஎஃப் 8-15 மி.மீ. எஃப்/4 எல், 2011-இல் கடைக்கு வந்த ஜூம் ஃபிஷ்ஐ. அதே யோசனையில் நிக்கான் 2017-இல் கொண்டுவந்த 8-15. ஒரே ஃபோக்கல் லெங்த்தில் நிற்கும் பழைய சிக்மா 15 எஃப்/2.8, நிக்கான் 16 எஃப்/2.8டி ஒரு பக்கம். கையால் ஃபோகஸ் செய்யும் சிக்கன ரகமாக சாம்யாங் 12 எஃப்/2.8, டிடிஆர்டிசன் 11 எஃப்/2.8 இன்னொரு பக்கம். வட்டமாகவே படம் தரும் சிக்மா 8 எஃப்/3.5 தனி ஜாதி. சிக்மா 2024-இல் விட்ட 15 எஃப்/1.4 ஆர்ட்டை நான் இந்தப் பந்தயத்திலேயே சேர்க்கவில்லை. 1,360 கிராம் எடை. ராத்திரி வானம் எடுப்பவர்களுக்காகப் பிறந்த லென்ஸ் அது. எஃப்/8-லேயே வாழப்போகிற பனோரமாக்காரருக்கு அந்த எஃப்/1.4 எதற்கு?

இனி கணக்கு. 15 மி.மீ. ஃபிஷ்ஐ போட்டு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அகலத்தில் சுமார் 94 டிகிரி, உயரத்தில் சுமார் 147 டிகிரி விழும். சுற்றுக்கு ஆறு ஷாட். உச்சியில் 30 டிகிரிக்கு மேல் ஓட்டை நிற்கும், அதற்கு நேர் மேலே பார்த்து ஒரு ஜெனித் ஷாட். காலடியில் ட்ரைபாடை மறைக்க இன்னொன்று. ஜூமை 12-க்குக் கொண்டுவந்தால் அகலம் 120, உயரம் முழு 180. நாலு ஷாட்டில் சுற்று முடிந்துவிடும், உச்சி ஓட்டையும் கிடையாது. 8 மி.மீ. வட்டப் படத்தில் மூன்றே ஷாட் போதும்.

ஷாட் குறையக் குறைய பிக்சலும் குறையும். 24 மெகாபிக்சல் பாடியில் ஸ்டிச் செய்து (ஒட்டி) முடித்த படத்தின் அகலம் 15 மி.மீ.க்கு ஏறத்தாழ 15,700 பிக்சல், 12-க்கு 12,500, 8-க்கு 8,400. வட்டப் படத்தில் சென்சாரின் பாதிக்கும் மேல் வெறும் கறுப்பு. காசு கொடுத்து வாங்கிய மெகாபிக்சலில் பாதியைக் கறுப்புக்குத் தாரை வார்க்க எனக்கு மனசு வருவதில்லை. அது மட்டுமல்ல, மூன்று ஷாட்டில் ஒட்டும் இடம் லென்ஸின் நடுவிலிருந்து 60 டிகிரி தள்ளி விழுகிறது. நாலு ஷாட்டில் 45 டிகிரி, ஆறு ஷாட்டில் 30 டிகிரி. ஃபிஷ்ஐயில் ஓரம் போகப் போகக் கூர்மை விழும், ஊதா விளிம்பு எட்டிப் பார்க்கும். மூன்று ஷாட் வேலையில் இரண்டு படங்களும் தங்கள் மோசமான ஓரத்தில்தான் கை குலுக்குகின்றன.

நோடல் பாயிண்ட், அதாவது பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றுக்கொன்று விலகாதபடி கேமராவைச் சுழற்ற வேண்டிய புள்ளி, அந்தச் சங்கதியும் இங்கேதான் இடிக்கிறது. சாதாரண லென்ஸில் பனோ ஹெட்டை (அந்தப் புள்ளியில் கேமராவைச் சுழற்றும் ட்ரைபாட் தலை) ஒருதரம் சரிசெய்தால் போதும். ஃபிஷ்ஐயில் அந்தப் புள்ளி ஒளி வரும் கோணத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். ஆகவே எத்தனை ஷாட் எடுக்கப் போகிறோமோ, அந்த ஒட்டுக் கோணத்துக்கு ஏற்றபடி ஹெட்டின் ரெயிலைப் பூட்ட வேண்டும். நாலு ஷாட்டுக்குப் பூட்டிய ஹெட்டில் ஆறு ஷாட் எடுத்தால், எதிரே தூண் இருக்கும் இடத்தில் குட்டு வெளிப்படும்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபம் மாதிரி இடத்தில் இது நன்றாகத் தெரியும். அனுமதி வாங்கி ட்ரைபாட் வைத்தீர்கள் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் தூண், தலைக்கு மேல் கல் சங்கிலி, விதானம் முழுக்கச் செதுக்கல். 15 மி.மீ.யில் எடுத்தால் அந்த விதானத்தின் நடுப்பகுதி தனி ஜெனித் ஷாட்டாக வரும். கூரை பக்கத்தில் இருப்பதால் ஹெட் துளி நகர்ந்தாலும் செதுக்கலின் கோடு ஒட்டு விழும் இடத்தில் விலகி நிற்கும். வெட்டவெளியில் மேகத்தில் விழும் ஒட்டை யாரும் பார்க்கமாட்டார்கள். கல்லில் விழும் ஒட்டைக் கோயிலுக்கு வந்தவர் எவரும் கண்டுபிடித்துவிடுவார். 12-இல் எடுத்த நாலு ஷாட்டும் உச்சி வரை தொடுவதால், எந்த ஷாட்டின் விதானத்தை வைத்துக்கொள்வது என்று பிடிஜியுஐ என்ற ஒட்டும் மென்பொருளில் மாஸ்க் அடித்து (வேண்டாத பகுதியை மறைத்து) நாமே முடிவு செய்யலாம். பணம் போடாமல் ஹுகின் மென்பொருளில் செய்கிறவர்களுக்கும் இந்த வசதி உண்டு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வருவோம். மழை மாதங்களில் பகோடா பாயிண்டில் நின்றால் முதல் ஷாட்டில் இருந்த பள்ளத்தாக்கு ஐந்தாவது ஷாட்டில் இருக்காது. மஞ்சு ஏறி வெள்ளையடித்துவிடும். ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று பிராக்கெட் (வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுப்பது) என்றால் ஆறு ஷாட் பதினெட்டாகிறது, ஜெனித்தோடு இருபத்தொன்று. நாலு ஷாட்காரர் பன்னிரண்டில் முடித்துவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஃபிஷ்ஐயின் முன் கண்ணாடி தவளைக் கண் மாதிரி புடைத்து நிற்கும், முன்னால் ஃபில்டர் மாட்ட வழியில்லை, 12-இல் ஹூடையும் கழற்றியாக வேண்டும். காற்றில் வரும் ஈரம் நேராகக் கண்ணாடியில் உட்காரும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். வெறும் பார்வைக்குத் தப்பும் சிறு துளிகூட வெயில் பட்டதும் ஃப்ளேராகப் பூக்கும். சூரியன் எப்படியும் ஏதாவது ஒரு ஷாட்டில் இருந்தே தீரும்.

மண்டப வேலையில் எதிரி வேறு: எல்இடி. மேடை விளக்கு நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறிக்கொண்டே இருக்கும், பந்தியில் ஆள் எழுந்து உட்காருவார், குழந்தை குறுக்கே ஓடும். இங்கே மூன்று ஷாட் வட்ட ஃபிஷ்ஐ கொஞ்சம் மரியாதை பெறுகிறது. நீண்ட கம்பத்தில் கேமராவை ஏற்றி கூட்டத்துக்கு மேலிருந்து எடுக்கும்போதும் அப்படித்தான். ஆனால் வருஷத்தில் சில முகூர்த்த நாளுக்காக 8 மி.மீ. தனியாக வாங்குவதைவிட, 8-15 ஜூமை 8-க்குத் திருப்பிக்கொள்வது புத்திசாலித்தனம்.

15 மி.மீ. ஜெயிக்கும் இடம் லேடிஸ் சீட். இருட்டிய பிறகு கீழே சேலம் நகரத்து விளக்கு மொத்தமும் தெரியும். எதுவும் வேகமாக நகராது, அவசரமில்லை, பார்ப்பவர் பெரிதாக்கித் தன் தெருவைத் தேடுவார். 15,700 பிக்சல் அங்கே வேலைக்காகும். காற்று மட்டும் ட்ரைபாடை ஆட்டாமல் இருக்க வேண்டும்.

சாம்யாங் 12 பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு, 12 என்று போட்டிருப்பதால் ஜூமின் 12 போலவே நாலு ஷாட்டில் முடியும் என்று. அது ஸ்டீரியோகிராஃபிக் ப்ரொஜெக்‌ஷன். ஓரத்தை நசுக்காமல் விரித்துக் காட்டுவதால் ஃபிரேமில் அடங்கும் உயரம் 15 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். பத்திரமாக ஆறு ஷாட், ஒரு ஜெனித் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு உச்சியிலும் காலடியிலும் விவரம் நன்றாக நிற்கும். கையால் ஃபோகஸ் செய்வதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். 12 மி.மீ., எஃப்/8, ஒரு மீட்டரில் பூட்டினால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. ஆட்டோ ஃபோகஸை எப்படியும் அணைத்துத்தானே வைக்கப் போகிறோம்? லென்ஸில் அச்சடித்த தூர அளவை மட்டும் நம்பாமல், லைவ் வியூவில் பெரிதாக்கி ஒருதரம் பார்த்துவிட்டு டேப் ஒட்டுங்கள். டிடிஆர்டிசன் இன்னும் விலை குறைவு. ரிசார்ட்டுக்காரர் வெப்சைட்டில் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தாராளம்.

எனக்கு முடிவு தெளிவு: தொழிலாகச் செய்பவர் 8-15 ஜூம். கேனனா நிக்கானா என்பதை பாடி தீர்மானிக்கும். நிக்கான் இசட் வைத்திருப்பவர் நிக்கானையே எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டட்டும், 485 கிராம்தான். மற்றவர்களுக்கு 540 கிராம் கேனன். கேனனின் ஆர்எஃப் மவுண்ட் பாடிக்கு அதன் சொந்த அடாப்டர் இருக்கிறது, சோனிக்கு சிக்மா எம்சி-11, மெட்டாபோன்ஸ் போன்றவை இருக்கின்றன. அபர்ச்சர் வளையம் இல்லாத லென்ஸ் என்பதால் எலக்ட்ரானிக் அடாப்டர்தான் வேண்டும், வெறும் இரும்பு வளையம் உதவாது. ஜூம் வளையத்தை 12-இல் டேப் போட்டுப் பூட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் சேமித்து வைத்த ஸ்டிச்சிங் டெம்ப்ளேட் பயன்படாது.

புதிது விலை அதிகம் என்பதால் பலர் செகண்ட் ஹேண்டில்தான் வாங்குகிறார்கள். முன் கண்ணாடியில் கீறலைத் தேடுவது எல்லோரும் செய்வது. கூடவே பாடியில் மாட்டி, எஃப்/8-இல் எதிரே இருக்கும் ஒரே போர்டை ஃபிரேமின் நாலு மூலையிலும் வைத்து நாலு படம் எடுங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்க வாய்ப்புண்டு. அதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள், பனோரமாவில் ஒவ்வொரு ஒட்டிலும் அந்த மூலை வந்து நிற்கும்.