சென்னையில் ஒரு பாஸ்தா மதியம்

சென்னைக்குப் போய் இத்தாலியன் சாப்பாடா என்று கேட்காதீர்கள். அக்கா பிள்ளைகள் பாஸ்தாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓர் உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல.

மேசையில் மெனு இல்லை, ஒரு கியூஆர் கோடு மட்டும். ஸ்கேன் செய்தால் செல்பேசி எண் கேட்கிறது. முன்னால் இருக்கும் +91ஐ மாற்றவே முடியாது. என்னிடம் இருந்ததோ டொரொன்டோ எண். அக்காவின் எண்ணைப் போட்டு ஓடிபி வாங்கி உள்ளே நுழைந்தோம். அன்று முதல் அவளுக்குச் சலுகை மெசேஜாக வந்து குவிகிறது. வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. யார் கேட்கிறார்கள்? "அச்சடிச்ச மெனு இருக்கா தம்பி?" என்று பரிமாறும் பையனிடம் கேட்டதும் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தார். நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சுத்த சைவம். அசல் இத்தாலியப் பார்மேசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைப்பார்கள். உங்கள் சீஸ் சைவமா என்று கேட்டால் பரிமாறுபவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். இவர் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய், சீஸ் பாக்கெட்டையே கொண்டுவந்து, சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளியைக் காட்டினார். டொரொன்டோவில் காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும். இங்கே வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டாலும் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.

சாப்பாடு? அராபியாத்தா என்ற தக்காளி, மிளகாய் பாஸ்தா நன்றாகக் காரமாக, நம் நாக்குக்கென்றே செய்தது போல இருந்தது. கார்பனாராவில் க்ரீமை ஊற்றியிருந்தார்கள். ரோமில் அது முட்டை மஞ்சள் கரு, பெக்கோரினோ சீஸ், பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை, தட்டை வழித்துவிட்டார்கள். பாஸ்தா கொஞ்சம் குழைந்திருந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. ஒயின் கிடையாது. தமிழ்நாட்டில் மது உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களோடும் கிளப்களோடும் நின்றுவிடுகிறது.

அப்புறம் பில். 10% சர்வீஸ் சார்ஜ், அதற்கும் சேர்த்து 5% ஜிஎஸ்டி. ஒன்டாரியோவின் 13% வரியோடு பார்த்தால் 5% ஒன்றுமே இல்லை. ஆனால் சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல, கட்டாயமும் அல்ல. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மேனேஜரிடம் எடுக்கச் சொன்னேன். "சரிங்க சார்" என்று உடனே வேறு பில் போட்டுத் தந்தார். கேட்டால் எடுப்பார்கள், கேட்காதவர் கட்டிவிட்டுப் போகிறார். இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கனடா கார்டை மெஷின் ஏற்கவில்லை. கடைசியில் அக்காதான் யுபிஐயில் கட்டினாள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி தருகிறதா என்று விமானம் ஏறும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். அந்தப் பையனுக்கு டிப்ஸை நேராகக் கையில்தான் கொடுத்தேன். பில்லில் வரும் சர்வீஸ் சார்ஜில் தனக்கு எவ்வளவு வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.