ஹட்டன் ஆர்கெஸ்ட்ரா வகுப்பு: மகளைச் சேர்த்த பிறகு

மகள் தரையில் அமர்ந்து கர்நாடக வயலின் படித்தவள். இலங்கை மலையகத்து ஹட்டனில் நடக்கும் இந்த மேற்கத்திய இசைக்குழு வகுப்பில் வயலினைத் தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும். ச-ப-ச-ப சுருதிக்குப் பதிலாகத் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்களுக்குச் சேர்க்க வேண்டும். முதலில் சிணுங்கினாள். அப்புறம் பக்கத்து நாற்காலிச் சிங்களப் பிள்ளைதான் வில் பிடிக்கச் சொல்லித் தந்தது. இரண்டு பேருக்கு இசைக் குறிப்புத் தாள் வைக்க ஒரே ஸ்டாண்ட். ஒருத்தி பக்கம் புரட்டும்போது மற்றவள் விடாமல் வாசிக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 1999இல் இசைக்குழு நடத்துநர் பாரன்போயிமும் பாலஸ்தீன வம்சாவளி அறிஞர் எட்வர்ட் சயீத்தும் அரபு, இஸ்ரேலிய இளைஞர்களைச் சேர்த்து ஓர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது ஏன் என்று இப்போது புரிகிறது.

விளக்கமெல்லாம் சிங்களத்தில்தான், தமிழிலும் சொல்ல ஆள் வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு முன் வகுப்பை முடித்தால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் வருவார்கள்.